மஞ்சள் துணியின் மறுபாதி

ஆயக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜீவிதா எழுதிக்கொள்வது. அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. என் காலாண்டுத் தேர்வும் முடிந்தது. ஆகவே நாங்கள் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இது அம்மா கேட்கக்கூடாத விஷயம். அதனால்தான் லண்டன் திரும்பும் சகாயராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா விடியற்காலையில் கொய்யா பறிக்கப் போய்விடுகிறார். சந்தையில் எல்லோரும் என்னிடம், "அப்பா கேசு என்னாச்சு கண்ணு?" என்று கேட்கிறார்கள். "நடக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அலுக்கவில்லை. "ரெண்டு தடிப்பயலுகள ஒத்தையாளா சமாளிச்சாரு. நான் பையில வெச்சுவுட்ட இரும்புதான் காப்பாத்துச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த இரும்புதான் இப்போது வழக்கு என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அங்கே உங்களோடு இருக்கும் நாச்சிமுத்து மாமா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாப்பில் அந்த இருவர் உங்கள் பையைப் பிடுங்கியதையும், நீங்கள் தள்ளிவிட்டதில் ஒருவனுக்குக் கை முறிந்ததையும் சொன்னார். அது தற்காப்பு என்று போலீசாரே ஒப்புக்கொண்டார்களாம். ஆனால் பையைச் சோதித்தபோது அம்மா வைத்த அந்தக் கத்தி கிடைத்தது. ஓட்டல் வேலைக்கு என்று சொன்னீர்களாம். கத்தியை யாரும் வெளியே கொண்டுபோவதில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அலைய முடியாது, பதினான்காம் தேதி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்கிறீர்களாம். ஜெயிலோ, விசா ரத்தோ, எதுவும் நடக்கலாம் என்கிறார் மாமா.

நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அம்மா பெயர் ஸ்டேஷனில் அடிபடக்கூடாது என்றுதானே? நீங்கள் ஊரிலிருந்து கிளம்பிய அன்று நானும் கூடவே இருந்தேன். இரும்பு கூட இருந்தால் தூரதேசம் போகிறவர்களைக் காத்து கருப்பு அண்டாது என்று, அம்மா அய்யனார் காலடியில் வைத்தெடுத்த கத்தியை மஞ்சள் துணியில் சுற்றித் தந்தார். "ஏன் புள்ள, லண்டன்லயுமா பேய் இருக்குது?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் பையிலிருந்து அதை எடுக்கவே இல்லை.

பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்த நாட்டுச் சட்டத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். நம்மை அடிக்க வருகிறவனைத் தேவையான அளவு திருப்பித் தாக்கலாம். ஆனால் அதற்கென்று கத்தி வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்திருந்தால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணங்களில் மத நம்பிக்கையும் ஒன்றாக இருக்கிறது. நான் புரிந்துகொண்டது அரைகுறையாக இருக்கலாம். வக்கீலிடம் கேளுங்கள். கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை

ஞாயிறன்று இதுவரை எழுதுவதற்குள் அம்மா வந்துவிட்டார். "இம்புட்டு நேரமா என்னடி எழுதற?" என்றார். என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. கூடையில் இருந்த பழத்தையெல்லாம் தரம் பிரித்து முடித்தார். பிறகு, "என்னையக் காப்பாத்தறேன்னு அந்த மனுசன் பொய் சொன்னாராக்கும்! எம்பேரச் சொல்லச் சொல்லுடி. சாமி கும்புட்டது களவா?" என்றார்.

சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. பெட்டியைத் திறந்து, இத்துடன் வைத்திருக்கும் இந்த மஞ்சள் துணியை எடுத்துத் தந்தார். அன்று கோயிலில் ஒரே துணியை இரண்டாகக் கிழித்தாராம். ஒரு பாதியில் உங்கள் கத்தி. மறுபாதியைத் தன்னிடமே வைத்திருந்தாராம். உங்களுடையது இப்போது போலீசாரிடம் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் கிழிந்த ஓரம் பொருந்தும். துவைக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

இன்று சந்தையில் யாரோ உங்களைப் பற்றிக் கேட்டார்கள். அம்மா இரும்பு காப்பாற்றிய கதையைச் சொல்லவில்லை. "இருக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எடை போடத் திரும்பிக்கொண்டார்.

பதினான்காம் தேதி உள்ளதைச் சொல்லுங்கள் அப்பா. அதற்கு முன்னால் அம்மாவிடம், கோபமில்லை என்று ஒரு வார்த்தை பேசுங்கள். அன்றைக்கு மட்டும் ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று சொல்லி, நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் மகள்,
கா. ஜீவிதா