பிள்ளைகள் படத்தில் எங்கள் கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, மீதி நேரம் உன் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதிவிடலாம் என்று பார்த்தேன். உன் அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் மாறிவிட்டது, மாப்பிள்ளையும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார். அதனால் அவர்கள் மகளை, நம் வாலுவை, பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது, பெற்றோர் குழுவில் போய் உட்காருவது எல்லாம் என் தலையில். குழுவில் சும்மா பேருக்கு உட்கார்ந்தால் போதும் என்றுதான் உன் அக்கா சொல்லி அனுப்பினாள். என் வாய் சும்மா இருக்குமா என்பது உனக்குத் தெரியாதா என்ன.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற கல்வியாண்டிலிருந்து பள்ளியில் ஓவிய வகுப்பு கிடையாது என்று ஒரு பேச்சு வந்தது. முன்பே பாட்டு டீச்சர் ஓய்வு பெற்றுப் போனபோது அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை, பாட்டு அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள், நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். இப்போது மேலேயிருந்து கல்வி அதிகாரி அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், சின்ன வகுப்புகளில் நிறைய பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுகிறார்கள், ஓவிய நேரத்தை எடுத்து வாசிப்புக்கும் கணக்குக்கும் கொடுங்கள், ஓவிய டீச்சர் இன்னொரு பள்ளிக்கு முழு நேரமாகப் போகட்டும் என்று. அந்த அம்மா கெட்டவர் இல்லை, அவர் கவலையும் நியாயம்தான். நம் வாலுவும் தடுமாறுகிறவள்தானே. வாசிப்பு நேரத்தில் அவள் தலை மேஜைக்குக் கீழே போய்விடும் என்று அவள் டீச்சரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஓவிய வகுப்பு இருக்கிற நாளில் நான் எழுப்ப வேண்டியதே இல்லை, தானே எழுந்து தானே தலை சீவிக்கொண்டு செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறாள். பணம் கட்டிப் படிக்கிற பள்ளிகளில் பாட்டு, படம், நாடகம் என்று எல்லாம் இருக்கிறது, அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் அது ஆடம்பரமாகிவிடுமா.

அதனால் குழுவில் எழுந்து, அதிகாரியை வரவழைத்துப் பிள்ளைகள் படங்களைத் தாழ்வாரத்தில் மாட்டிக் காட்டுவோம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் நீட்டாக்கிக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் களத்தில் இறங்கிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தன் மகள் வரைந்த பூனைக்கு இரண்டு பக்கமும் அளந்து மீசை வைத்தார். தையல்கார அம்மா தன் பையன் படத்தில் கோட்டைத் தாண்டிய வண்ணத்தையெல்லாம் சுரண்டி எடுத்தார். நம் வீட்டில் கேட்கவே வேண்டாம், ஆயுசு முழுக்கக் கட்டடங்களுக்கு பிளான் போட்ட மனுஷன் சும்மா இருப்பாரா. வாலு மாடி ஜன்னலிலிருந்து தெரு முழுக்க வரைந்திருந்தாள், அதில் பஸ் எதிர் வீட்டைவிடப் பெரியது. சாயங்காலம் அவள் அம்மா அந்த பஸ்ஸில்தான் வந்து இறங்குவாள், ஜன்னலில் நின்றால் இவளுக்கு வேறு ஒன்றும் கண்ணில் படாது. அப்பா ரப்பரை எடுத்து பஸ்ஸை அழித்துச் சின்னதாக்கி, ஸ்கேல் வைத்துத் தெருவை நேராக்கி, போதாததற்கு மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போட்டார். குழந்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அதைக் கவனித்தும் நல்லா வந்திருக்கு என்றுதான் சொன்னேன்.

அதிகாரி அம்மா வந்தார், தாழ்வாரத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தார். ரொம்ப அழகா இருக்கு, எல்லாமே ஒரே சீரா இருக்கு, வீட்டுலயே இவ்வளவு கத்துக்குறாங்கன்னா இதுக்குத் தனியா ஒரு டீச்சர் எதுக்கு என்று கேட்டார். பிறகு வாலுவைப் பார்த்து இதுல உன்னோடது எதும்மா என்று கேட்டார், இவள் தன் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டு என்னோடது இங்க இல்ல என்று சொல்லிவிட்டாள். ஓவிய டீச்சர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வண்ணப் பெட்டியைக் கொண்டுபோய் அப்பா மேஜைமேல் வைத்துவிட்டாள், இனிமே தாத்தாவே வரையட்டும் என்று. அதற்குப் பிறகு பென்சிலையே தொடவில்லை. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வகுப்பு போகிறது என்பது ஒரு பக்கம், இருக்கிற வகுப்பிலும் இவளை வரையாமல் பண்ணிவிட்டோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அதிகாரியும் வந்திருந்தார். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அம்மா, நீங்க பார்த்தது பிள்ளைங்க படம் இல்ல, எங்க படம், மார்க் போடுறதுன்னா எங்களுக்குத்தான் போடணும், பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு வகுப்பு நடக்கும்போது வந்து பாருங்க, பார்த்துட்டு மூடறதுன்னா மூடுங்க என்று. தலைமை ஆசிரியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், மருந்துக்கடைக்காரர் நானும்தான் நானும்தான் என்று கை தூக்கினார். அந்த அம்மா சிரித்துவிட்டார், வரேன் என்றார்.

சொன்னபடி வந்தார். நான் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அறை நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி, அவ்வளவுதான். பிள்ளைகள் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள், டீச்சர் எங்களுக்கும் அதிகாரிக்கும்கூடத் தாள் கொடுத்துவிட்டார். உங்க இடத்துலேர்ந்து என்ன கண்ணுல படுதோ அதை வரைங்க என்றார். வரைந்து முடித்ததும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் போய் உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்துச் சரியா என்று சொல்ல வேண்டுமாம், அதுதான் அவர் வகுப்பில் வழக்கம். வாலு மட்டும் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் இடம் மாறச் சொன்னதும் நேராக அப்பா நாற்காலிக்கு வந்தாள். அப்பா படத்தில் பூவாளி கச்சிதமாக இருந்தது, கைப்பிடி, தண்ணீர் வருகிற நீள மூக்கு எல்லாம் அளவெடுத்த மாதிரி. இவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு இங்கேர்ந்து மூக்கு வராது தாத்தா என்றாள். மூக்கு இல்லாத பூவாளி எந்த ஊர்ல இருக்கு என்று அப்பா மல்லுக்கு நின்றார். அது அந்தப் பக்கம் இருக்கு தாத்தா, எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் அது வரும், உங்களுக்கு வராது, அவங்களுக்குக் கைப்பிடி வராது, வேணும்னா போய்ப் பாருங்க என்றாள். வாசிக்கும்போது வாயே திறக்காத பிள்ளை இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா தன் தாளைக் குனிந்து பார்த்தார், அவரும் மூக்கு போட்டிருந்தார் போல, சத்தமில்லாமல் ரப்பர் கேட்டார். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தான் போட்ட மூக்கை அழித்தார். வாலு அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

உத்தரவு வந்துவிட்டது. ஓவிய வகுப்பு இருக்கும், அதே டீச்சர்தான். வாசிப்புப் பயிற்சியைப் பள்ளி தொடங்குவதற்கு முன்னால் வைத்துக்கொள்ள ஏற்பாடு, அதற்கு எங்களில் சிலர் முறை வைத்துப் போகிறோம். பாட்டு டீச்சரைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவளா நான், அந்த உடைந்த பெஞ்சுகளை நாங்களே தூக்கி வெளியே போட்டு அறையைக் கழுவி வைத்திருக்கிறோம். விடுவதாக இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்காதே. தலை ஈரத்தோடு வெளியே போகாதே. உனக்கு ஒரு குறையும் வராது, தீர்க்காயுசாக நன்றாக இரு, அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார்.

இதோடு வாலு வரைந்த படம் ஒன்று வைத்திருக்கிறேன், மடங்காமல் பார்த்துக்கொள். நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன் என்கிற சின்னப் பெட்டிக்குள் நீ இருக்கிறாய், நெஞ்சு வரைக்கும்தான். நீ கிளம்பும்போது அவள் கைக்குழந்தை, அவள் கண்ட மாமா அவ்வளவுதானே. அப்பா உனக்குக் கையும் காலும் போட்டுவிடலாம் என்று பென்சிலை எடுத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். லீவுக்குச் சொல்லிவைக்க மறக்காதே. நாங்கள் யாரும் அந்தப் படத்தில் கை வைக்க மாட்டோம், உன்னை முழுசாக வரைய வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும்.

இப்படிக்கு
உன்னை முழுசாகப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா