நான் வராத சனிக்கிழமை

நீலப் பீப்பாயின் மூடியை இன்று காலை திறந்தேன், அக்கா. போன வருடக் கோடையில் நீங்கள் உரத்துக்கென்று காஞ்சோண்டிச் செடியை வெட்டி ஊறவைத்த தண்ணீர், கறுத்து நுரை கட்டிக் கிடந்தது. நாற்றம் கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டது. குளிர் இறுகுமுன் பீப்பாய்களை வெறுமையாக்கச் சொல்லித் தோட்டச் சங்கம் இரண்டாம் முறையும் கடிதம் போட்டதால்தான் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் பின்னால் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லமுடியாது.

சுவிஸில், இந்தப் பீல் நகரில், அந்தத் துண்டு நிலத்தை ஒன்பது வருடம் இருவரும் சேர்ந்து செய்தோம். அந்தத் தண்ணீரை நீங்கள் முகம் சுளிக்காமல் அள்ளிக் கத்தரிக்கு ஊற்றுவீர்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பேன். "மணம் பிடிக்காது, கத்தரிக்காய் மட்டும் பிடிக்குமோ?" என்று கேட்பீர்கள். மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை, விடிய அரை மணித்தியாலம் தியானம், மாதம் ஒரு கட்டுரை, மிச்சத்துக்குத் தோட்டம். எல்லாவற்றையும் சமநிலையாகக் கொண்டுபோகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். களை பிடுங்கியது நீங்கள்.

போன வருடம் குளிர் தொடங்கும்போது, வயிற்றில் கட்டி என்று உங்களுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஃபோன் எடுத்தீர்கள்.

"சனிக்கிழமை வாறியோ? பனி கொட்டமுன்னம் எல்லாத்தையும் பிடுங்கவேணும். தனிய ஏலாதடி."

"மூண்டு நாள் மௌனத் தியானம் அக்கா, காசும் கட்டியிட்டன். அடுத்த கிழமை வாறன்."

"சரி, போயிட்டு வா. தோட்டத்துக்கு மௌனம் தெரியாது."

நான் மலைமேல் தியான நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு பற்றைத் துறந்துகொண்டிருந்தேன். நீங்கள் தனியாகப் போய், வெங்காயத்தாள் மாதிரியான அந்த லீக்ஸில் பாதியைப் பிடுங்கி, குளிரில் விறைத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அன்றிரவே பனி விழுந்து மிளகாய்ச் செடியெல்லாம் கருகியது.

மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஃபோனில் நீங்கள் அனுப்பிய படம் இருந்தது: ஆஸ்பத்திரியில் இருந்தபடி அடுத்த நாள் யாரையோ அனுப்பி எடுப்பித்த, கருகிய பாத்தியின் படம். உங்களைப் பார்க்க ஓடி வந்திருக்கவேண்டும். நான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, உறைபனி எனக்குக் கற்றுத்தந்த துறவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். இப்போது அதை வாசித்தால் பீப்பாய்த் தண்ணீரே பரவாயில்லை என்று இருக்கிறது.

நான் கொண்டுவந்து தந்த கட்டுரையை நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தீர்கள். "நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாய். அங்கை நிண்ட மாதிரி எழுதியிருக்கிறாய்," என்றீர்கள். பிறகு தண்ணீர் கேட்டீர்கள். நான் ஊற்றித் தந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த முறை கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை நீங்கள் கண் திறக்கவில்லை.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் உங்கள் வாழ்க்கையை எழுதித் தரச்சொல்லி ஓஸ்டர்முண்டிகன் ஊரிலிருந்து உங்கள் மகள் கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் எழுத வராது. நான் உட்கார்ந்தேன். வசனம் வழுக்கிக்கொண்டு வந்தது. "கடைசியாகத் தோட்டத்துக்குப் போன நாளிலும் அவர் தனியாக இல்லை. இருவரும் சேர்ந்தே லீக்ஸ் பிடுங்கினோம்" என்று எழுதினேன். கை கூசவில்லை. அச்சிட்டார்கள். அழகாக இருக்கிறது என்று சனம் சொன்னது. இந்தக் கையை எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவுவது?

இப்போதும் விடிய எழும்பி உட்காருகிறேன். மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். எனக்கு என்மேல் வரும் அருவருப்பைத்தான் கவனிக்க முடிகிறது.

போன கிழமை உங்கள் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். உங்கள் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் தமிழ் படிக்கிறாளாம். ஒரு பக்கத்தை முடிக்க ஒரு மாதம் எடுத்ததாம்.

"அன்ரி, அண்டைக்கு அம்மா தனிய நிக்கேல்லை எண்டு வாசிச்சன். அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வருது," என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

நீங்கள் தனியாகத்தான் நின்றீர்கள், அக்கா. அது இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.