கார்பன் கட்டத்தில் உங்கள் பெயர்

அன்புள்ள கப்பல் சமையல்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நான் நலம். உங்கள் மானம்தான் சற்றுச் சுகமில்லாமல் இருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் பதினோரு வருடமாகக் குடுவை கழுவும் என்னை நிரந்தரமாக்க, திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். "உனக்கு வேலை நிரந்தரமாகட்டும், மறுநாளே கப்பலை விட்டு இறங்கிடறேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. நீங்கள் மறந்திருந்தால் இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தாறு வயதில் ஆக்சிஜனேற்ற எண் மண்டையில் ஏறுமா? தனிம அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இடது ஓர நெடுவரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால்தான் நிம்மதி; கொடுத்தால் பிளஸ், வாங்கினால் மைனஸ். வலப்பக்கம் போகப் போக, மேலே ஏற ஏற, பிடுங்கும் குணம் கூடுகிறது. அட, இது நம் குடும்பமல்லவா என்று தோன்றியது. பென்சிலை எடுத்துக் கட்டங்களில் பெயர் எழுதினேன்.

சோடியம், உங்கள் தம்பி: பிளஸ் ஒன்று. ஃபுளூரின், உங்கள் அண்ணி: எங்கே போனாலும் ஒன்றை வாங்காமல் திரும்பமாட்டார், மைனஸ் ஒன்று. வலது ஓர நெடுவரிசை நியான், மாடி வீட்டுக்காரர்: கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை, வணக்கத்தைக்கூடத் திருப்பித் தரமாட்டார்.

நடுவில் கார்பன். அது சேர்க்கையைப் பொறுத்தது. ஆக்சிஜனோடு போனால் நான்கையும் விட்டுக்கொடுக்கும், ஹைட்ரஜனோடு இருந்தால் நான்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அங்கே உங்கள் பெயர். நண்பர்களிடம் பிளஸ் நான்கு. என்னிடம் காபி, துண்டு, தலையணை, ரிமோட் என்று மைனஸ் நான்கு.

இதில் என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். பேருந்தில் படிக்கக் கதவிலிருந்து உரித்துக்கொண்டு போன அந்தத் தாளையும் சான்றிதழ்களோடு சேர்த்து நீட்டிவிட்டேன். தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை. அவர் உங்கள் அண்ணியோடு தினமும் நடைப்பயிற்சி போகிறவர். வேலை போயிற்று, வீட்டுக்காரரும் வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "சரிம்மா, கார்பனோட கார்பனே சேர்ந்தா?" என்று கேட்டார். புத்தகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நம் வீடுதான் வந்தது. "பூஜ்யம் சார். ரெண்டும் சமம். யாரு யாருகிட்ட பிடுங்க முடியும்? பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்" என்றேன். "அப்படி எல்லாப் பக்கமும் பிடிச்சுக்கிட்டு நின்னா அதுக்கு என்ன பேரு?" என்றார். "வைரம் சார்." அப்போதுதான் அவர் சிரித்தார்.

அன்று சாயங்காலமே உங்கள் அண்ணி வந்துவிட்டார். "நான் பிடுங்கறவளா?" என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். போகும்போது நம் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றே ஒன்று.

நேற்று ஆணை வந்தது. நிரந்தரம். இரண்டு முறை நானே படித்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் காய்கறிக்காரரிடமும் படிக்கக் கொடுத்தேன். ஆணையை உங்கள் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

கல்யாணமான இருபதாவது வருடத்துக்கு வைரத் தோடு வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் போதும். ரிமோட்டும் உங்களுக்கே.

குடையில்லாமல் வாசலில் நிற்கும்,
உங்கள் இன்னொரு கார்பன்