ஓரம் மட்டும் உடைந்த பல்

போச்சம்பள்ளி

அன்புள்ள அத்தாவுக்கு, ஜைபாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள்.

வாய் வீங்கிப் பேச்சு குழறுகிறது. போனில் கேட்டால் பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். சின்ன வயதில் நீங்கள் கூட்டிப்போய் அடைத்த கடைவாய்ப் பல்லில் அடைப்பின் ஓரம் உடைந்துவிட்டது. "உடைஞ்ச எடத்துல மட்டும் பூசினா போதும்மா. பழைய அடைப்பை முழுசா எடுத்தா நல்ல பல்லும் கூடவே போயிடும்" என்றார் டாக்டர். எனக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு கீறல் இருந்தாலும் ஷூவைக் கழித்துப் போட்டே பழகிவிட்டேன். "ஒட்டு வேணாம் சார், முழுசா எடுத்துட்டுப் புதுசா அடைங்க" என்று பிடிவாதமாக நின்றேன். எடுக்கும்போது பல் வேர்வரை பிளந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான்.

மூன்று நாள் காய்ச்சல். திரும்பிப் போனால் என் இடத்தில் வேறு பெண் நிற்கிறாள். "உனக்குப் பதிலா ஆள் போட்டாச்சும்மா" என்றார் சூப்பர்வைசர். வேறு வேலை கிடைக்கும், கவலைப்படாதீர்கள்.

கஞ்சிக்குக் கொஞ்சம் நொய் வேண்டும், சோறு மெல்ல முடியவில்லை. கம்பெனி ஹாஸ்டல் விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், புது விலாசம் எழுதுகிறேன். வார்டன் அறைச் சாவிக்காக நிற்கிறார்.

பழசே இருக்கட்டும் என்று இங்கே சொன்னவர் அந்த டாக்டர் ஒருவர்தான் அத்தா. அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

ஜைபா