நாற்பத்தேழாம் வரைபடமும் அம்மாவின் இடது கையும்

அன்பு மகள் மிளகுக்கு, அப்பா எழுதுவது. உடம்பும் மனசும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கிக்கொண்டு இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். எழுத வேண்டுமே என்று எழுதும் நலம் இல்லை, இந்த முறை நிஜமாகவே நலம், ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். தபாலில் போடாமல், நீ நம் மூன்று பேருக்கும் என்று திறந்து கொடுத்த ஃபோல்டரிலேயே இதை வைக்கிறேன். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டு, பாதியில் போன் போட்டுத் திட்டாதே.

முதலில் நீ செய்து கொடுத்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்து பேச்சும் குழறிப்போனபோது, வேலையை விட்டுவிடுவது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். குடிநீர் அலுவலகத்து வரைபட அறையில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, அந்த வார்த்தையை வாயால் சொல்லத் தெம்பில்லாமல் உனக்கு மெசேஜாக அனுப்பினேன். நீதான், "எல்லாப் படத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சாச்சுல்லப்பா, காலைல ஆபீஸ் போங்க, மத்தியானம் வீட்ல இருந்தே பாருங்க, ஒரே ஃபோல்டரை இன்டர்நெட்ல ரெண்டு பக்கமும் வெச்சுக்கலாம்" என்றாய். எங்கள் எஞ்சினியரம்மாவும் முதலில் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். முதல் நாள் படுக்கையறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு குழாயின் அகலம் நாலு அங்குலம் என்றிருந்ததை ஆறு என்று திருத்தினேன். திருத்திய சூட்டோடு அலுவலகத்துக்குப் போன் போட்டு ஃபிட்டரை அந்தப் படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "ஆறுன்னுதான் சார் போட்டிருக்கு" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன் மிளகு. ஒவ்வொரு படமும் போர்வை அகலம் இருக்கும், சுருட்டி, மழைக்கோட்டுக்குள் வைத்து, பஸ்ஸில் இன்னொருத்தர் குடை குத்திவிடுமோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவன் நான். அது இப்போது நான் கண் சிமிட்டுவதற்குள் அங்கே இருக்கிறது. மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையும் பெல்ட்டும் போட்டுக்கொண்டுதான் அந்த ஃபோல்டரைத் திறக்கிறேன், லுங்கியோடு அலுவலகத்துக்குள் நுழைய மனசு வரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா பாதி வாயால் சிரித்தாள்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். எங்கள் அறையின் சட்டம் உனக்குத் தெரியும், சின்ன வயசில் அங்கே வந்து விளையாடியிருக்கிறாய். ஒரு படம் ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். எடுத்துப் போகிறவர் அந்த இடத்தில் தன் பெயர் எழுதிய சீட்டை வைக்க வேண்டும், திருப்பி வைக்கும்போது சீட்டை எடுத்துவிட வேண்டும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்தினால், தோண்டுகிறவன் எதை நம்பித் தோண்டுவான்? நீ வீடியோவில் வந்து, "படத்தை எடுத்துட்டு வராதீங்கப்பா, அது இருக்கிற இடத்துலயே வெச்சு வேலை பாருங்க" என்று நாலு தடவை சொன்னாய். நானும் நாலு தடவை தலையாட்டினேன். ஆனால் பழகின கை கேட்குமா? மத்தியானம் உட்கார்ந்ததும் அன்றைக்குத் திருத்த வேண்டிய படத்தை அலுவலக ஃபோல்டரிலிருந்து வெட்டி எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் என் பக்கத்து ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிடுவேன். காலி இடத்தில், இந்தப் படம் என்னிடம் உள்ளது என்று தேதியும் பெயரும் போட்ட ஒரு சின்ன ஃபைலை வைப்பேன். சாயங்காலம் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சீட்டை அழித்துவிடுவேன். எவ்வளவு ஒழுங்கான ஆள் நான் என்று எனக்கே என் மேல் மரியாதை. நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நாற்பத்தேழாம் நம்பர் படம் என்னிடம் இருந்தது. மூன்று மணி சுமாருக்கு அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதென்று பார்த்து, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கும்போது ஃபிட்டர் போனில் வந்தார், பின்னால் தண்ணீர் பீறிடும் சத்தம். பிரசவ மருத்துவமனைக்குப் பின்பக்கம் பெரிய குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, அங்கேதான் உயரத் திண்டின் மேல் மின்சார அறை, அதற்கு ஏறுகிற எட்டுப் படியில் நாலு மூழ்கிவிட்டது. மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைக் குழந்தைகள். மின்சார அறைக்குள் தண்ணீர் போனால் மொத்தக் கட்டடத்துக்கும் கரண்டை நிறுத்த வேண்டியதுதான். குழாயை அடைக்கிற வால்வு சாலைக்கு அடியில் இருக்கிறது, மேலே இரண்டு தடவை தார் போட்டாகிவிட்டது, எந்த இடம் என்று நாற்பத்தேழில் மட்டும்தான் குறித்திருக்கிறது, காகிதப் படமோ ஸ்கேன் ஆனதும் கிடங்குக்குப் போய்விட்டது. "போன்ல ஃபோல்டரைத் திறந்தா படத்தைக் காணோம் சார், உங்க சீட்டுதான் இருக்கு" என்றார். எஞ்சினியரம்மா பயணத்தில் இருந்தார், அவர் போன் எடுக்கவில்லை. மனப்பாடமாகச் சொல்ல முடியுமா என்று ஃபிட்டர் கேட்டார். சுவர் மூலையிலிருந்து ஒன்பது அடியா பத்தொன்பது அடியா என்று எனக்கு உறுதியில்லை, இரண்டுக்கும் நடுவில் மின்சாரக் கேபிள் போகிறது, அதில் கடப்பாரை பட்டால் ஆள் போய்விடுவான். முப்பத்தொரு வருஷமாக ஒரு படத்தைக்கூடத் தொலைக்காதவன் என்று பெருமை பேசியவன் மருந்துக் கடை வாசலுக்கு வந்து நின்றேன்.

வீட்டுக்கு ஓடினாலும் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். வீட்டில் அம்மா மட்டும்தான். நம் வீட்டுப் போன் அடித்தால் அவள் எப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று உனக்குத் தெரியும். ரயில்வே அலுவலகத்து டெலிபோன் போர்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள், சொல்ல நினைக்கிற சொல் வாய்க்கு வராததால் ஏழு மாதமாக அந்தப் போனைத் தொடவில்லை. நீயும் அதனால்தான் வீட்டு எண்ணை விட்டுவிட்டு என் கைப்பேசிக்கே கூப்பிடுகிறாய். வேறு வழியில்லாமல் போட்டேன். அடித்து அடித்து நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். எத்தனையாவது மணியில் எடுத்தாள் என்று தெரியாது, மூச்சு மட்டும் கேட்டது. நான் படபடவென்று சொன்னேன், நாற்பத்தேழு, என் பக்கத்து ஃபோல்டர், அலுவலக ஃபோல்டரில் திருப்பி வை, தினம் நான் செய்வதைப் பார்க்கிறாயே என்று. புரியவில்லையோ, எழுந்திருக்க முடியவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, குழறல் துளிக்கூட இல்லாமல், போர்டில் உட்கார்ந்த காலத்துக் குரலில், "லைன்ல இருங்க" என்றாள். அவள் அப்படி ஒரு முழு வாக்கியம் பேசி ஏழு மாதமாகிறது. ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஊன்றுகோல் சத்தம், மெதுவாக, ஹாலிலிருந்து படுக்கையறைக்கு. மவுஸ் வலது பக்கம் இருக்குமே, அதை இடது பக்கம் இழுத்தாளோ, எப்படிப் பிடித்தாளோ, எனக்குத் தெரியாது. மருந்துக் கடை வாசலில் காதில் போனை அழுத்திக்கொண்டு ஆளில்லாத நம் வீட்டு ஹாலைக் கேட்டபடி நின்றேன், கடிகாரம் கூடக் கேட்டது. வரிசையில் என் இடம் போய்விட்டது. ஊன்றுகோல் திரும்பி வந்தது. ரிசீவரை எடுத்து, "லைன் குடுத்துட்டேன், பேசுங்க" என்றாள். அதே நேரம் ஃபிட்டரின் அழைப்பு குறுக்கே வந்தது. எடுத்தேன். "வந்துடுச்சு சார், பத்தொம்பது அடி" என்றார்.

நினைத்துப் பார் மிளகு. நம் படுக்கையறையில் அவள் இடது கையால் ஒன்றை நகர்த்துகிறாள், ஊரின் அடுத்த கோடியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஒருவர் கையில் அது இருக்கிறது. நடுவில் பஸ் இல்லை, மழைக்கோட்டு இல்லை. குழாய் சாலைக்கு அடியில் போகிறது, தோண்டினால் பார்க்கலாம், இது எதன் வழியாகப் போனது என்று யோசித்து யோசித்து எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏழாவது படியில் தண்ணீர் நின்றுவிட்டது, கரண்ட் போகவில்லை, குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வியர்வையில் நனைந்துபோய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் சீட்டையும் அழித்து வைத்திருந்தாள், அதையும் பார்த்தே கற்றிருக்கிறாள். நான் பேச்சு வராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அன்றைக்கு எங்கள் இரண்டு பேரில் ஊமையாக இருந்தது நான்தான்.

மறுநாள் மன்னிப்புக் கடிதத்தோடு போய் எஞ்சினியரம்மா முன்னால் நின்றேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது இத்தோடு சரி என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. தன் பக்கம் திரையைத் திருப்பி, எந்தப் படம் எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது, யார் செய்தது என்று வரிசையாக இருந்ததைக் காட்டினார். நான் அழித்த சீட்டுகள் கூட ஒன்று விடாமல் இருந்தன. முப்பத்தொரு வருஷம் நான் கட்டிக்காத்த பதிவேட்டை யாரும் எழுதாமலே அது எழுதிவைத்திருக்கிறது, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது. "இனிமே சீட்டு வேண்டாம், படத்தை அங்கயே வெச்சுத் திருத்துங்க, மத்தியானம் வீட்ல இருந்தே தொடர்ந்து பாருங்க" என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று மணி நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தேழைத் திருப்பி வைத்தது நான் என்று அதில் இருந்தது. வைத்தது நான் இல்லை, என் மனைவி, மாற்றுங்கள் என்றேன். மாற்ற முடியாது, உங்கள் கணக்கில் உள்ளே வந்ததால் அப்படித்தான் காட்டும் என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. வரைபட அறையில் அடுத்தவர் செய்ததற்கு என் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை.

அதனால் வீட்டுக்கு வந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்தேன். நாற்பத்தேழாம் படம், திருப்பி வைத்தவர் என்று எழுதி, பேனாவை அம்மாவின் இடது கையில் கொடுத்தேன். வங்கியில் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்ன நாளிலிருந்து அவள் பேனாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று திருப்பவில்லை. ஒரு கையெழுத்துக்குக் கால் மணி நேரம். எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் படிக்கலாம். எஞ்சினியரம்மா அதன் ஸ்கேனை நாற்பத்தேழுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார், கடைசிச் சீட்டு என்று. அதன் பிரதி ஒன்று இந்தக் கடிதத்தோடும் இருக்கிறது. தயவுசெய்து அதை உன் பக்கம் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடாதே, இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார், எங்களுக்கும் தினம் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு ஓய்வு கொடு, குளிரில் காதை மூடிக்கொள், எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். இனிமேல் என் கைப்பேசிக்குக் கூப்பிடாதே, வீட்டு எண்ணுக்கே கூப்பிடு. மணி நிறைய அடிக்கும், வைத்துவிடாதே, ஹாலைத் தாண்டி வர அவளுக்கு நேரமாகும். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்கும். லைனில் இரு.

உன் அன்பு அப்பா