விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே அதே வேலைதான். தெருவுக்கு அடியில் பழைய சுரங்கம்; ஊர் உள்ளே இறங்கிவிடாமல் இருக்க, துளை போட்டுச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறோம். ஒரே குழி பதினெட்டு நாளாகக் குடிக்கிறது, நிரம்பியபாடில்லை. எனக்கே அலுத்துவிட்டது.

போன வாரம் குழாயை நகர்த்தும்போது மண் உள்வாங்கி இடுப்புவரை இறங்கிவிட்டேன். கயிறு கட்டியிருந்ததால் உடனே தூக்கிவிட்டார்கள். "குழி நிரம்பலைன்னு நீயே எறங்கிட்டியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தோம். ஒரு பூட்ஸ் மட்டும் உள்ளே போய்விட்டது. இப்போது நடக்கும்போது தரையைத் தட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அம்மாவுக்குப் படிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

இங்கே வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால், அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவோம். நிலம் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் காலையில் அதைப் பார்ப்பது என் வேலை. கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர்கள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பார்கள். கண்ணாடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கும் விரிசலிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை பார்த்து எனக்கு எழுதுங்கள்.

ஷிஃப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. உங்களைத் தெரியும், அதனால் சொல்கிறேன்: உடைந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடையாவிட்டாலும் எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகன்