முழு சார்ஜ், பாதி தூரம்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். பொன்னேரியில் கிளம்பும்போது மின்சாரக் காரில் 100%. திரையில் 190 கி.மீ. ஓடும் என்று. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய்த் திரும்பியதும் 44%. ஓடியது 42 கி.மீ.தான். போன வருடம் மூன்று நாளைக்கு ஒரு முறை சார்ஜ். இப்போது தினமும்.

கவரைப்பேட்டை தாண்டும்போது 71-லிருந்து 63-க்கு ஒரே தாவல். பக்கத்தில் ஷமீம். லேபில் என்னோடு வேலை, என் வண்டியில்தான் வருவாள். "இன்னாக்கா, வண்டிக்கு நாஷ்டா போடாம இட்டாந்துட்டியா?" சிரித்தேன். கண் மட்டும் திரையில்.

வாங்க வேண்டியது: உளுந்து, கரப்பான் மருந்து.

ஏப்ரல் 9, வியாழன்

தனி மீட்டர் வைத்துப் பார்த்தது.
முன்பு: முழு சார்ஜுக்கு 20 யூனிட், 150 கி.மீ.
இப்போது: 10 யூனிட், 75 கி.மீ.
யூனிட் ஏழு ரூபாய் என்றால் கி.மீ.க்கு 93 பைசா. அப்போதும் அதே, இப்போதும் அதே. ஏசி கரண்டைத் தின்றிருந்தால் கி.மீ. செலவு ஏறியிருக்கும். ஏறவில்லை. பேட்டரி பாதிதான் கொள்கிறது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

திருவள்ளூர் சர்வீஸ் சென்டருக்கு போன். அட்வைசர்: "லேடீஸ் ஏசிய ஃபுல்லா வெச்சிகினு ஓட்டுவாங்க மேடம். சார ஒரு தபா இட்டுகினு வாங்க. அவருக்கு எக்ஸ்ப்ளைன் பண்றேன்."

இருபது வருடமாக பெயின்ட் தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் புரியாதாம். சாருக்கு சார்ஜர் எந்தப் பக்கம் சொருகுவது என்றே தெரியாது.

ஏப்ரல் 11, சனி

லீவு இல்லை. ஒரு பேட்ச் திரும்பி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரிடம் வண்டியையும் கணக்கையும் கொடுத்து அனுப்பினேன்.

சாயந்தரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அந்த அட்வைசரு நம்ம பொதட்டூர்பேட்டை பையன்மா! எங்க தெருவுக்குப் பின்தெரு. டீயெல்லாம் வாங்கிக் குடுத்தான்."

"பேட்டரி?"

"செக் பண்ணிட்டாங்க. நார்மலாம்."

சர்வீஸ் சென்டரில் கொடுத்த ஜாப் கார்டைப் பார்த்தேன். 'வாகனம் திருப்தி. புகார் இல்லை.' கீழே இவர் கையெழுத்து.

"ஏங்க இதைப் போட்டீங்க?"

"புகாரே வரக்கூடாதுன்னு அவனுக்கு டார்கெட் கீதாம், பாவம். ஒரு கையெழுத்துல இன்னா ஆயிடப் போவுது?"

வாரண்டியில் புது பேட்டரி கிடைக்காமல் போகும். அதுதான் ஆகும். கைக்காசில் மாற்றினால் வண்டி விலையில் பாதி. தவணை இன்னும் என் சம்பளத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

தோசை மூன்று தீய்ந்தது. மூன்றும் அவர் தட்டில்.

ஏப்ரல் 13, திங்கள்

புழுக்கம். "ஒரு வண்டிக்குப் போயி இவ்ளோ கோவமா?" என்கிறார். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டே என் வண்டி நன்றாக இருப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். ஓட்டுகிறவளை யாரும் கேட்கவில்லை. இவருக்கு இன்னும் அது உறைக்கவில்லை.

கரப்பான் மருந்து மறந்துவிட்டது.

ஏப்ரல் 18, சனி

லீவு போட்டுத் தனியாகப் போனேன். ஆர்.சி. புக்கை மேசையில் வைத்தேன். "வண்டி என் பேர்ல இருக்கு. அவரு போட்ட கையெழுத்து செல்லாது."

அட்வைசர் சிரித்தார். "அண்ணன் சொன்னாரு, நீங்க கொஞ்சம் கோவக்காரங்கன்னு."

அண்ணனாம்.

வண்டியில் 40%. திரையில் 76 கி.மீ. பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏசி இல்லாம நிதானமா ஓட்னா எழுவத்தாறும் வரும் மேடம்."

"அப்போ நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

தயங்கினார். புது வண்டி பார்க்க வந்த குடும்பம் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டார்.

ஆவடி வரை போய்த் திரும்பினோம். ஏசி இல்லை. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. நல்ல ஓட்டுநர்தான், அதையும் சொல்ல வேண்டும். திருநின்றவூர் வரும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ஏசி போட்டுக்கலாமா மேடம்?"

"வேணாம். அது லேடீஸ் பழக்கம்."

வேப்பம்பட்டு தாண்டியதும் 18-லிருந்து 6-க்கு ஒரே தாவல். அவரும் பார்த்தார். செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வண்டி நின்றேவிட்டது. 31 கி.மீ.

ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "இன்னா சார், பேட்டரி வண்டியா? எறங்கித் தள்ளு சார், வெயிட்டு கொறையும்!"

இறங்கித் தள்ளினார். ஸ்டீயரிங்கில் நான். ஓரம் கட்டிய பிறகு மேனேஜருக்கு போன் போட்டார். பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

"சார், அந்த வண்டி செவ்வாப்பேட்டைல நின்னுட்ச்சு சார்... இல்ல சார், ஏசி போடல... மேடம் இல்ல சார். நான்தான் ஓட்டினேன்."